கட்டிலருகே ஒரு கருவி: உயிர் காக்க வந்ததைப் பூட்டி வைக்கலாமா?

திருச்சி, தமிழ்நாட்டின் நடுநாயகமான ஊர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறவர்களும், கோவையிலிருந்து தஞ்சாவூருக்குப் போகிறவர்களும், ராமேசுவரத்துக்கு யாத்திரை போகிறவர்களும் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார்கள். சாலைகள் கூடுகிற இடத்தில் வியாபாரம் பெருகும். கூடவே விபத்தும் பெருகும்.

விபத்தில் அடிபட்டவருக்குக் கை ஒடிந்தால் கண்ணுக்குத் தெரியும். தலையில் வெட்டுப்பட்டால் ரத்தம் கொட்டும். நாலு பேர் ஓடி வருவார்கள். ஆனால், வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்திருந்தால்? வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். "எனக்கு ஒன்றுமில்லை; வீட்டுக்குப் போகிறேன்" என்றுகூடச் சொல்வார். உள்ளே மட்டும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

இந்த மறைவான ரத்தப்போக்கைக் கட்டிலருகிலேயே, சில நிமிடங்களில் காட்டித் தரும் கருவி ஒன்று இருக்கிறது. அது புதிய கருவி அல்ல. கர்ப்பிணிப் பெண்களுக்கு எடுக்கிறார்களே, அதே ஸ்கேன்தான்! அதைத் தனி அறையிலிருந்து கிளப்பி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். உலகமெங்கும் அவசர சிகிச்சை டாக்டர்கள் இதைக் கையாளுகிறார்கள். நம் நாட்டில் இந்தக் கருவிக்கு ஒரு சட்டக் காவலும் உண்டு. காவல் ஏன் வந்தது? அதனால் சிகிச்சைக்கு இடைஞ்சல் உண்டா? இவை நம் ஊருக்கு மிகவும் தேவையான கேள்விகள்.

உடம்பு செய்யும் ஏமாற்று

வளர்ந்த மனிதனின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் முக்கால் லிட்டர் போனாலும் ரத்த அழுத்தம் பெரும்பாலும் இறங்குவதில்லை. இதயம் வேகமாக அடித்தும், ரத்தக் குழாய்கள் சுருங்கியும் நிலைமையைச் சமாளித்துவிடும். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வெளியேறிய பிறகுதான் அழுத்தம் தெளிவாக விழும். அதுவும் இளைஞர்கள் உடம்பு கடைசிவரை தாக்குப்பிடித்து, பிறகு ஒரேயடியாகச் சரியும்.

ஆகவே, நாடியையும் ரத்த அழுத்தத்தையும் மட்டும் நம்பியிருந்தால் காலம் கடந்துவிடும். சி.டி. ஸ்கேன் எடுத்தால் எல்லாம் துல்லியமாகத் தெரியுமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்கு நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கி, வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், எந்திரத்துக்குள் படுக்கவைக்க வேண்டும். சரிந்துகொண்டிருக்கும் உயிரை அப்படி அலைக்கழிப்பது ஆபத்து.

முன்பெல்லாம் என்ன செய்தார்கள்? தொப்புளுக்குக் கீழே சிறு துளை போட்டு, குழாய் வழியாக வயிற்றுக்குள் உப்புநீரைச் செலுத்தி, திரும்பி வரும் நீரில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். 1965 முதல் பல ஆண்டுகள் இதுதான் வழக்கம். கத்தி படாமல் அதே விடையைத் தந்ததால்தான் ஸ்கேன் அந்த இடத்தைப் பிடித்தது.

ஒலிக்கும் கண் உண்டு

மனிதனின் காது ஒரு விநாடிக்கு 20 ஆயிரம் அதிர்வுகள் வரையில்தான் கேட்கும். ஸ்கேன் கருவி எழுப்பும் ஒலியோ விநாடிக்குப் பல லட்சம் அதிர்வுகள் கொண்டது. நம் காதில் விழாத அந்த ஒலி உடம்புக்குள் போய், உறுப்புகளில் மோதித் திரும்பி வருகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, கருவி படம் வரைகிறது. கல்லீரல் சாம்பல் நிறமாகத் தெரியும். எலும்பு வெள்ளையாகத் தெரியும். ரத்தமும் நீரும் கறுப்பாகத் தெரியும். இதில் எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லை.

அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880ல் பிரான்சு நாட்டின் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட அந்தப் படிகம் உதவியது. பிறகு, கப்பல் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும் ஒலியைப் பயன்படுத்தினார்கள். அதே உத்தியை நோயாளியிடம் பயன்படுத்திப் பார்த்தவர் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்டு. அவரும் அவருடைய தோழர்களும் எழுதிய கட்டுரை 1958ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வந்தது. வைத்திய உலகம் அன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

இதில் திருச்சிக்காரர்கள் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. காதுக்குக் கேட்காத இந்த மிகை ஒலி, ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்பதற்குக் கணக்கு கண்டவர்களில் ஒருவர் சர் சி.வி. ராமன். 1935ல் நாகேந்திரநாத்துடன் சேர்ந்து அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். ராமன் பிறந்தது 1888ல். பிறந்த இடம் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே இருக்கிற திருவானைக்காவல்!

ஸ்கேன் கருவி முதலில் பீரோ அளவு இருந்தது. 1999ல் சுமார் இரண்டரை கிலோ எடையில் கையால் தூக்கக்கூடிய கருவி விற்பனைக்கு வந்தது. இப்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செல்போனில் படம் பார்க்கும் கருவியே வந்துவிட்டது.

நான்கு இடம், ஒரு கேள்வி

அடிபட்டவர் கட்டிலில் கிடக்கிறார். ஒருவர் ஊசி ஏற்றுகிறார். ஒருவர் ரத்தம் எடுக்கிறார். அதே நேரத்தில் டாக்டர் வழவழப்பான ஜெல்லைத் தடவி, கருவியின் முனையை நான்கு இடங்களில் வைக்கிறார். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில் ஒன்று. மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் நடுவில் ஒன்று. அடிவயிற்றில் சிறுநீர்ப்பையை ஒட்டி ஒன்று. நெஞ்செலும்புக்குக் கீழே இதயத்தை நோக்கி ஒன்று.

படுத்திருக்கும் உடம்பில் ரத்தம் பள்ளமான இடங்களில்தான் தேங்கும். அந்தப் பள்ளங்கள் இவைதாம். அங்கே கறுப்புப் பட்டை தெரிந்தால், உள்ளே ரத்தம் இருக்கலாம். அழுத்தமும் விழுந்துகொண்டிருந்தால் யோசிக்க நேரமில்லை. ஆபரேசன் அறைக்குச் சொல்லி அனுப்பவேண்டியதுதான். இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொண்டிருந்தாலும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

இங்கே டாக்டர் கேட்பது, "எந்த உறுப்பில் எவ்வளவு காயம்?" என்ற பெரிய கேள்வி அல்ல. "ரத்தம் இருக்கிறதா, இல்லையா?" என்ற சின்னக் கேள்விதான். சின்னக் கேள்வியானதால்தான் சில நிமிடங்களில் விடை கிடைக்கிறது.

அமெரிக்காவில் 2006ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தச் சோதனை செய்யப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆபரேசனுக்குப் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரம் 64 சதவீதம் குறைந்தது. மிச்சமான நேரத்தின் அருமை, அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

ஸ்ரீரங்கம் கேட்கும் கேள்வி

விபத்துக்கு மட்டும்தான் இது உதவுமா? காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போவோம்.

வைகுண்ட ஏகாதசி. விடியற்காலைப் பனி. பரமபத வாசல் திறக்கும் வேளை. லட்சக்கணக்கான ஜனங்கள். அவர்களில் எத்தனையோ பேர் எழுபது வயதைக் கடந்தவர்கள். இரவு முழுதும் கண் விழித்தவர்கள். ஏகாதசி விரதம் இருப்பவர்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையைக்கூட விட்டிருப்பார்கள். கூட்டத்தில் ஒரு முதியவர் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிடுகிறார்.

இந்தத் திணறலுக்கு என்ன காரணம்? இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். ஆஸ்துமாவாக இருக்கலாம். நிமோனியாவாக இருக்கலாம். வெளிப் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிகிச்சையோ ஒன்றுக்கொன்று நேர்மாறு. நீர் கோத்தவருக்கு நீரைப் பிரிக்கும் மருந்து தரவேண்டும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக் குழலை விரிக்கும் மருந்து வேண்டும். விரதத்தால் உடம்பு வறண்டு மயங்கினவருக்குக் குளுக்கோசோ உப்புநீரோ ஏற்றவேண்டும். அதே பாட்டிலைத் தளர்ந்த இதயத்துக்கு ஏற்றினால், நுரையீரல் மேலும் நனைந்து மூச்சு முட்டும்!

நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் ஸ்கேன் அங்கே உதவாது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பிரான்சு நாட்டு டாக்டர் டேனியல் லிச்டென்ஸ்டைன் அந்த எண்ணத்தை மாற்றினார். நல்ல நுரையீரலில் ஒரு மாதிரி கோடுகள் தெரியும்; நீர் கோத்த நுரையீரலில் மேலிருந்து கீழாக வால்நட்சத்திரத்தின் வால்போல வெள்ளை வரிகள் ஓடும். அவற்றை வைத்தே நோயைப் பிரிக்க முடியும் என்று அவர் காட்டினார். 2008ல் அவர் வெளியிட்ட ஆய்வில், கடுமையான மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 260 பேரில் 90.5 சதவீதத்தினருக்கு, நுரையீரலையும் கால் ரத்தக் குழாய்களையும் ஸ்கேனில் பார்த்தே காரணத்தைச் சரியாகச் சொல்ல முடிந்தது.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கோவிலைச் சுற்றி ஏழு பிராகாரங்கள். வெளிப் பிராகாரங்களில் வீடும் கடையுமாக ஊரே குடியிருக்கிறது. விழா நாளில் அந்த வீதிகளைக் கடந்து, பாலத்தையும் கடந்து, திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். 1976ல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம், 2022 நவம்பர் முதல் சில மாதங்கள் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்தபோது கார்களும் பஸ்களும் சுற்றிப் போனதை ஊரார் மறந்திருக்கமாட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால், அந்தப் பக்கம் போகும்வரை சரியான மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரியாது. ஸ்கேனை மந்திரக்கோலாக நினைப்பது தவறு.

கறுப்புப் பட்டை தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சில நூறு மில்லி சேர்ந்த பிறகுதான் ரத்தம் படத்தில் தெரியும். குடல் கிழிந்தாலோ, முதுகுப்புறம் ரத்தம் கட்டினாலோ இதில் தப்பிவிடும். குழந்தைகளிடம் இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவில் வயிற்றிலும் மார்பிலும் அடிபட்ட 925 குழந்தைகளை வைத்து நடத்தி, 2017ல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சோதனையால் தனிப் பலன் தெரியவில்லை. ரத்த அழுத்தம் விழுந்து வந்த 273 பேரை வைத்து வட அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடத்திய ஆய்வு 2018ல் வந்தது. ஸ்கேன் செய்தவர்களில் பிழைத்தவர்கள், செய்யாதவர்களில் பிழைத்தவர்களைவிட அதிகமாக இல்லை.

இதன் பொருள் என்ன? படம் பார்த்தவுடன் உயிர் பிழைத்துவிடாது. படத்தைப் பார்த்தவர் முடிவெடுக்கவேண்டும். முடிவுக்குப் பின்னால் ரத்தம் தயாராக இருக்கவேண்டும். ஆபரேசன் அறை திறந்திருக்கவேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் பொன்னாக இருந்து பயனில்லை.

காவல் ஏன் வந்தது?

இனி சட்டத்துக்கு வருவோம். தாயையும் சேயையும் காக்க வந்த ஸ்கேனை, பெண் சிசுவைக் கருவிலேயே தேடி அழிக்கும் ஆயுதமாக்கினார்கள் நம்மவர்கள். மகாராஷ்டிரம் 1988ல் முதலில் தடைச் சட்டம் போட்டது. 1994ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; 1996 ஜனவரி 1ந் தேதி அமுலுக்கு வந்தது; 2003ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது.

இது எங்கோ வடக்கே நடந்த கதை அல்ல. முன்பு திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த அரியலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி, அந்த மாவட்டத்தில் 6 வயது வரை உள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லை. சட்டம் கடுமையாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

சட்டப்படி ஸ்கேன் கருவி எதுவானாலும், எந்த இடத்தில் வைத்திருக்கிறார்களோ அந்த இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்யவேண்டும். கர்ப்பிணியை ஸ்கேன் செய்தால் அதற்கென உள்ள 'எஃப்' படிவத்தை நிரப்பவேண்டும். மீறினால் முதல் தடவை 3 ஆண்டு வரை சிறையும், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. டாக்டர் தொழிலையும் இழக்கலாம். படிவத்தை ஒழுங்காக எழுதாததையே குற்றமாகக் கருதுவது நியாயமா என்று மகப்பேறு டாக்டர்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2019 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் சரியே என்று தீர்ப்பளித்தது.

கையில் தூக்கிச் செல்லும் கருவிக்கு 2012ல் தனி விதி வந்தது. அதன்படி, பதிவு பெற்ற ஆஸ்பத்திரிக்குள், அங்கே சேர்ந்துள்ள நோயாளிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். அல்லது, பலவித மருத்துவ உதவிகளைத் தரும் நடமாடும் மருத்துவ வண்டியில் வைத்துக்கொள்ளலாம். இவை இரண்டைத் தவிர வேறு வழியில்லை. அடிபட்டவரை ஏற்றி வருவதே வேலையாக உள்ள ஆம்புலன்சில் இதை வைப்பது இந்த விதிக்குள் எளிதாக அடங்காது.

சாவி யார் கையில்?

சட்டத்தைத் தளர்த்தினால்தான் உயிரைக் காக்க முடியும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தளர்த்தினால் மறுபடியும் பெண் சிசுக்கள் அழியும் என்று மறு சாரார் சொல்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால், விதியைப் பதற்றமில்லாமல் படித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஆஸ்பத்திரிக்குள், கட்டிலருகே ஸ்கேன் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை! பதிவு செய், கணக்கு எழுது என்றுதான் சொல்கிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். இளம் பெண் ஒருத்தி வயிற்று வலியோடு மயங்கி வருகிறாள். கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் வளர்ந்து வெடித்திருக்கலாம். சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும் அவசரம் அது. கட்டிலருகே ஸ்கேன் செய்தால் அடிவயிற்றில் ரத்தம் தேங்கியிருப்பது உடனே தெரியும். கர்ப்பிணியாயிற்றே என்று டாக்டர் தயங்கவேண்டுமா? வேண்டியதில்லை. கருப்பைக்கு வெளியே கரு இருக்கிறதா என்று பார்ப்பது, 'எஃப்' படிவத்திலேயே அனுமதிக்கப்பட்ட காரணமாக அச்சிடப்பட்டிருக்கிறது. பெண்ணைக் காக்க வந்த சட்டம், பெண் உயிர் போவதற்குக் காரணமாகிவிடக் கூடாது. சட்டத்தை எழுதியவர்கள் அதற்கு இடம் வைக்கவுமில்லை.

ஆகவே பூட்டு பாதி சட்டத்தில் இருக்கிறது. பாதி பயத்தில் இருக்கிறது. பயத்துக்குச் சாவி, பயிற்சியும் ஒழுங்கான கணக்குமே.

செய்யவேண்டியது என்ன?

தமிழ்நாட்டில் அடித்தளம் போடப்பட்டுவிட்டது. 2008 முதல் 108 ஆம்புலன்சு ஓடுகிறது. அவசர சிகிச்சையைத் தனி மேற்படிப்பாக இந்திய மருத்துவக் கவுன்சில் 2009ல் ஏற்றது. அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கும் முறை வந்திருக்கிறது. 2021 டிசம்பர் 18ந் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசாங்கமே ஏற்கிறது. பணக் கவலை குறைந்தது. இனி நேரக் கவலையைக் குறைக்கவேண்டும்.

முதலாவது, கருவியின் இடம். சிவப்புப் பகுதிக்கென ஒரு கருவி, அந்த இடத்தின் பெயரிலேயே பதிவாகி, அங்கேயே இருக்கவேண்டும். இரவு இரண்டு மணிக்கு வேறு பிரிவின் சாவியைத் தேடி ஆள் ஓடக் கூடாது.

இரண்டாவது, பயிற்சி. ஒருவர் ஒவ்வொரு வகைச் சோதனையிலும் 25 முதல் 50 முறையாவது, மூத்தவர் மேற்பார்வையில் செய்து பழகவேண்டும் என்பது அமெரிக்க அவசர சிகிச்சை டாக்டர்கள் வகுத்துள்ள அளவு. திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஸ்ரீரங்கம், லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை அரசு மருத்துவமனைகளின் டாக்டர்கள் சுழற்சி முறையில் வந்து பழக, இதைவிடப் பொருத்தமான இடம் எது?

மூன்றாவது, கணக்கு. எந்த நேரத்தில், யாருக்கு, என்ன கேள்விக்காக ஸ்கேன் செய்தார்கள் என்பதை எழுதி, படத்தையும் சேர்த்து வைக்கவேண்டும். சோதிக்க வரும் அதிகாரிக்கும் அது பதில். பின்னால் தவறைத் திருத்திக்கொள்ளவும் அது பாடம்.

நான்காவது, ஆம்புலன்சும் விழாக் கால முகாமும். இங்கேதான் சட்டத்தை ஆள்வோர் பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும். ஸ்ரீரங்கத்து விழாவுக்கு வரும் நடமாடும் மருத்துவ வண்டியில், முறைப்படி பதிவு செய்து, ஒரு பொறுப்பு டாக்டரின் கையில் கருவியை வைக்க இப்போதைய விதியிலேயே வழி உண்டு. ஆம்புலன்சில் வைப்பதற்கு விதி மாறவேண்டும். அப்படி மாற்றும்போது, பெண் குழந்தைக்கு உள்ள காவல் ஒரு நூல்கூடத் தளரக் கூடாது.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வண்டியிலிருந்து விழுந்தவர், "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் நம்பி வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். வயிற்று வலியோ, தோள்பட்டை வலியோ, வியர்வையோ, தலைசுற்றலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்து, டாக்டர் "இன்னும் சில மணி நேரம் இருங்கள், மறுபடி பார்க்கவேண்டும்" என்றால் கோபிக்காதீர்கள். அது பணம் பறிக்கும் தந்திரம் அல்ல. ரத்தம் தேங்கிப் படத்தில் தெரிய நேரம் ஆகும் என்பதால் சொல்லும் யோசனை.

ஒரே கருவிதான். பெண் கருவை அழிக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். குழாயில் கரு வெடித்த பெண்ணை எமன் வாயிலிருந்து மீட்கவும் அதுவே உதவுகிறது. முதல் காரியத்தைத் தடுக்கச் சட்டம் போட்டோம். இரண்டாவது காரியத்தைச் செய்ய டாக்டர்களைத் தயாரிப்பதுதான் பாக்கி.